முழுகிப் போகிறவை

ஒருவனைப் பற்றி "முழுகிப் போய்விட்டான்" என்று சொன்னால், அதற்குமேல் அவன் கதையைக் கேட்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. வியாபாரமானாலும் குடும்பமானாலும், முழுகுவது நமக்கு நஷ்டக் கணக்குத்தான். தென் துருவத்தைச் சுற்றியுள்ள சமுத்திரத்தைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு இந்தச் சொல்லின்மேல் ஒரு மரியாதை உண்டாகியிருக்கிறது.

அந்தக் குளிர்ந்த நீரில் டயாட்டம் என்ற நுண்ணிய பாசி வாழ்கிறது. உடம்பு ஒரே ஓர் உயிரணு. அதற்குக் கண்ணாடி ஓடு! கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவைக் கொண்டு தானே கட்டிக்கொண்ட வீடு. சில பெரிய இனங்களின் ஓடு மிகவும் தடிப்பு. சிறு பிராணிகளால் எளிதில் கடிக்க முடியாது. கோடையில் இவை கரியமில வாயுவை உண்டு பெருகுகின்றன. பிறகு ஒன்றோடொன்று சிக்கி, பஞ்சுப் பிசிறு போலத் திரண்டு, ஆழத்தில் இறங்குகின்றன. அப்படி இறங்கிய கரி மேலே திரும்ப நூற்றாண்டுகள் ஆகும்.

அந்தக் கடலுக்கு ஒரு குறை, இரும்புச் சத்து போதாது. சோகை பிடித்தவனுக்கு நாட்டு வைத்தியர் அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பார். விஞ்ஞானிகளும் கடலுக்கு அன்னபேதியைத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியக் கப்பலில் போய்க் கரைத்தார்கள். டயாட்டம் செழித்தது; அதில் பாதியாவது ஆயிரம் மீட்டருக்குக் கீழே போயிற்று.

2009இல் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மானியரும் சேர்ந்து, அதே கப்பலில் சென்று, 300 சதுர கிலோமீட்டர் கடலில் மருந்தைக் கரைத்தார்கள். பாசி வளர்ந்தது, ஆனால் டயாட்டம் அல்ல. ஓடு கட்ட அங்கே சிலிக்கா இல்லை. ஓடில்லாத பொடிப் பாசிகளைச் சிறு பிராணிகள் தின்றன. அவற்றை வேறு பிராணிகள் தின்றன. விருந்து மேல்மட்டத்திலேயே முடிந்தது. ஆழத்துக்குப் போன கரி சொற்பம்.

"அப்படியானால் செலவு வீண்தானே?" என்றார் என் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பல் நிறைய மருந்து கொண்டுபோய்க் கொட்டினால் உலகத்தின் சூடு தணிந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு இனிக்கிறது. புகை விடுவதை நிறுத்த வேண்டாம் அல்லவா? மேலே பச்சையைக் கண்டு மகிழ்ந்தால் போதாது, கீழே இறங்கியது எவ்வளவு என்று கேள் என்கிறது அந்தச் சோதனை. அந்தக் கேள்வி செலவுக்குத் தகுந்ததுதான்.

1874இல் சாலஞ்சர் என்ற ஆங்கிலக் கப்பல் அந்தப் பக்கம் போய்க் கடலடிச் சேற்றை எடுத்துப் பார்த்தது. சேறு முழுவதும் டயாட்டம் ஓடுகள். எந்த மனிதனும் மருந்து போடாத காலத்தில் முழுகியவை அவை.