சூரியனுக்கு ஒரு பேரேடு

கொடைக்கானல் போகும் ஆபீஸ் கோஷ்டிகளுக்கு ஒரு ரூட் உண்டு. ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட், ரிட்டர்ன் பஸ். கிட்டத்தட்ட 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகத்தை, "அங்கே என்னப்பா இருக்கு?" என்று விட்டுவிடுவார்கள். நான் போனேன். பி.காம். படித்தவன் பார்க்கவேண்டிய இடம் ஸார் அது!

பஞ்சத்தில் பிறந்த ஆய்வகம். மதராஸ் ராஜதானியில் மழை பொய்த்து ஜனங்கள் மடிந்தபோது, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம். 1899-ல் மலைமேல் ஆய்வகம் வந்தது. புள்ளியைப் பார்த்து மழை சொல்லும் வித்தை கைகூடவில்லை. ஆனால் 1904-ல் ஆரம்பித்த போட்டோ பிடிக்கும் வேலை நிற்கவில்லை. மேகம் விட்ட நாளெல்லாம் சூரியன் கண்ணாடித் தகட்டில் பதிவானான். உலக யுத்தம் இரண்டு வந்தன, சுதந்திரம் வந்தது, தகடு போய் ஃபிலிம் வந்தது. வரவு எழுதுவது மட்டும் தொடர்ந்தது.

இந்தப் பழைய தகடுகளைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு படமும் 4,096-க்கு 4,096. அதாவது ஒரு சூரியனுக்கு 1 கோடியே 67 லட்சம் புள்ளி! புரோகிராம் ஒன்று கரும்புள்ளிகளைத் தேடிப் பிடித்து, பரப்பளவு போட்டுவிடுகிறது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயல், கனடாவின் கியூபெக் மாகாணத்தையே ஒன்பது மணி நேரம் இருட்டாக்கியது. புயலுக்கு மூலம் சூரியனின் காந்தம். அந்தக் காந்தத்தைத் தினசரி படம் போடுவது 1970-களில்தான் வழக்கமானது. அதற்கு முந்தைய கணக்கு? கால்சியம் ஒளியில் எடுத்த கொடைக்கானல் தகடுகளில் இருக்கிறது. காந்தம் வலுத்த இடம் அதில் பளிச்சென்று தெரியும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல். சூரிய ஒளியை உள்ளே அனுப்பும் கண்ணாடி திரும்பத் திரும்ப, படத்தில் சூரியனும் சுழன்றுகொண்டே இருக்கும். வடக்கு எது என்று தெரியவேண்டுமானால், படம் எடுத்த நேரம் தெரியவேண்டும். அன்றைக்குக் குளிரில் நின்ற ஆசாமி நேரத்தைத் தப்பாக எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்யும் பாவம்? ஆராய்ச்சியாளர்கள் தேதியும் நேரமுமாகச் சரிபார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். சுத்தமான ஆடிட்டிங்!

கைரேகை மிஷின் வருவதற்குமுன், 10.20-க்கு வந்து ரிஜிஸ்தரில் 10 மணி என்று கையெழுத்துப் போட்ட அன்பர்கள் யாரும் அந்த உத்தியோகத்துக்கு லாயக்கில்லை.