விண்டோஸ் 10ஐ விட்டுப் போக முன்



"சேர், எங்கட கொம்பியூட்டர் இனி வேலை செய்யாதாமே, உண்மையா?" பெற்றோர் சிலரும் எங்களோடு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்புவதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். வேலை செய்யும். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அதனால் கணினி ஒரே இரவில் அணைந்துவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்கள் இனிச் சும்மா வராது, அவ்வளவுதான். கூரை இன்னும் இருக்கிறது, ஓடு உடைந்தால் மாற்ற ஆள் வரமாட்டார் என்று உம்மாவுக்கு விளங்கப்படுத்தினோம். "அப்ப மழைக்கு முன்ன பாக்கணும்" என்றார்.

விண்டோஸ் 11க்குப் போவதுதான் நேர்வழி. ஆனால் அதற்கு டீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், அவர்களது பட்டியலில் உள்ள ஒரு புரொசசர் எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் வீட்டு லெப்டொப் 2016இல் வாங்கியது, 6ஆம் தலைமுறை ஐ3. மைக்ரோசொப்ட்டே தரும் பீசி ஹெல்த் செக் என்ற சிறிய மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். முடியாது என்று சிவப்பில் சொல்லிவிட்டது. சோதனையை ஏமாற்றி 11ஐப் போடும் வழிகள் இருக்கின்றன, அப்படிப் போட்டுத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் பொறுப்புச் சொல்லமாட்டார்கள் என்பதால் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

கடைக்காரத் தம்பி சொன்ன வழி இன்னும் சுருக்கம். "இத வித்துட்டுப் புதுசு எடுங்க சேர்." ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தக் கணக்கைப் பற்றி எழுதத் தேவையில்லை.

இதற்கிடையில் ஒரு தவணையும் உண்டு, பலருக்கு அது தெரியவில்லை. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களது கிளவுட்டில் சேமிக்கச் சம்மதித்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கட்டணமின்றிக் கிடைக்கும். அதை விரும்பாதவர்கள் 30 டொலர் கட்டலாம். நாங்கள் முதல் வழியில் பதிந்துகொண்டோம். அவசரப்படாமல் சோதித்துப் பார்க்க அது நேரம் தந்தது.

சோதித்தது லினக்ஸ் மின்ட். இலவசம், கொப்பி செய்து மற்றவருக்குக் கொடுக்கவும் செய்தவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் "விண்டோஸ் அடிச்சித் தாறது" எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பத்வா சொல்ல நாங்கள் யார்? பிள்ளைகளின் கையில் கொடுக்கும் கணினியில் யாருடைய ஹக்கும் கலந்திருக்கக் கூடாது என்பது மட்டும் எங்கள் வீட்டு முடிவு.

ஆனால் புதிதாக எதையும் தொட முன் பழையதைக் காப்பாற்ற வேண்டும். அந்த லெப்டொப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். 12 வருடத் தவணை வினாத்தாள்கள். புள்ளிப் பதிவுகள். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த போட்டோக்கள். காணி உறுதியின் ஸ்கேன். பிறகு, வாப்பாவின் குரல். பட்டன் போன் காலத்தில் பதிந்தது, ஏ.எம்.ஆர். என்ற பழைய வடிவத்தில் மூன்று பைல்கள். வாப்பா மௌத்தாகி ஏழு வருடம். அவரது குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை.

எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் கொப்பி செய்தோம். ஒன்று வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில், அது வீட்டு அலுமாரியில். மற்றது தங்கச்சி வீட்டில், வேறு ஊரில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு இதன் காரணத்தை நம் நாட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அலுமாரியும் லெப்டொப்பும் ஒரே தண்ணீரில்தான் நிற்கும். கொப்பி முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் காக்காவின் கணினியில் செருகி, ஒவ்வொரு போல்டரிலும் இரண்டு மூன்று பைலைத் திறந்தே பார்த்தோம். கொப்பியானதாகக் காட்டிவிட்டுத் திறக்க மறுக்கும் பைல்களைப் பாடசாலையில் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இனிச் சோதனை. மின்ட்டின் நல்ல விசயம், கணினியில் போடாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஏறத்தாழ 3 ஜிபி டவுன்லோட். அதை ரூபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்கச் சொன்னால் போதும். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்த எல்லாம் அழிந்துவிடும், ஆகவே வெறுமையானதை எடுங்கள். விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதையும் முதலில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், அதன் பைல்களை லினக்ஸ் வாசிக்க மட்டும்தான் விடும்.

பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் ரெம்மில்தான் நடக்கும். அணைத்துப் போட்டால் நாம் செய்த மாற்றம் ஒன்றும் மிஞ்சாது. முதல் நாள் மகள் பின்னணிப் படத்தை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, எல்லாம் அழகாக வைத்தாள். மறுநாள் காலை வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, ஒண்டையும் ஞாபகம் வைக்காதா?" என்றாள். சோதிக்கும் காலத்தில் அந்த மறதி நல்லதுதான். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதைத் தொடாதவரை விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

வைபை முதலிலேயே பிடித்தது. சில லெப்டொப்களில் பிடிக்காது, அப்போது போனை வயரால் இணைத்து இன்டர்நெட் எடுக்கலாம். சத்தம், கெமரா, புரொஜெக்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. எல்லாம் சரி. இ-தக்சலாவ திறந்தது, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பீ.டி.எப்.களும் திறந்தன. இவற்றில் எங்களுக்குப் பெரிய பயம் இருக்கவில்லை.

பயம் பாமினியில் இருந்தது. ஆசிரியர்களுக்குச் சொன்னவுடனே விளங்கும். மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தவை. பைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துத்தான். "அம்மா" என்று நாம் அடித்தது உள்ளே எம், கே, செமிகோலன், கே, எச் என்று கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியேதான் தெரியும். எங்கள் வினாத்தாள்களில் பாதிக்கு மேல் இந்த வகை. மின்ட்டில் முதன்முதலாக 2014இன் தரம் 8 வினாத்தாளைத் திறந்தபோது பக்கம் முழுக்க அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாக நின்றது.

தீர்வு சின்னது. விண்டோஸின் பொன்ட்ஸ் போல்டரிலிருந்து பாமினி பைலை எடுத்து, மின்ட்டில் இரட்டைக் கிளிக் செய்து, இன்ஸ்டோல் அழுத்தினோம். மூடித் திறந்ததும் தமிழ் வந்துவிட்டது. பிறகு மற்றப் பைல்கள். மின்ட்டோடு வரும் லிப்ரே ஒபிஸ், இல்லாத எழுத்துருவின் பெயரைச் சரிந்த எழுத்தில் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து எந்தெந்த எழுத்துரு தேவை என்று பட்டியல் போட்டோம். பாமினியோடு வேறு மூன்று பழையவையும் இருந்தன. ஒவ்வொருவரும் வேறு வேறு கணினியில் அடித்துத் தந்ததை ஒட்டி ஒட்டிச் சேர்த்த வினாத்தாள்கள் அல்லவா! வரிகள் ஒழுங்காக வந்தாலும் அட்டவணைகள் சில இடம் பெயர்ந்தன, இரண்டு பக்கத்தில் நின்ற பகுதி ஒன்று மூன்றாம் பக்கத்துக்கு வழிந்தது. லதாவில் அடித்த யூனிகோட் வினாத்தாள்களில் எழுத்து ஒன்றும் உடையவில்லை, எழுத்துரு மாறியதால் பக்கத்தின் நீளம் மட்டும் கூடிக் குறைந்தது.

ஆசிரிய நண்பர்களே, புதிய வினாத்தாள்களையாவது யூனிகோடில் அடியுங்கள். மின்ட்டில் ரங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, ஒலிவழி எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி பழகிய விரலுக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். இன்னொன்று. பழையதை யூனிகோடாக மாற்றித் தரும் இணையத்தளங்கள் நல்ல உதவி, ஆனால் பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் உள்ள பைலை அங்கே போய் ஒட்ட வேண்டாம். அது நம்மிடம் தந்த அமானிதம்.

புள்ளிப் பதிவுகளில் கண்ணால் பார்த்து நம்பவில்லை. சென்ற வருடம் அச்சிட்டு வைத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 38 பிள்ளைகளின் மொத்தமும் சராசரியும் வரிசைநிலையும் ஒத்துப் போகிறதா என்று ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்தோம். எல்லாம் சரி. நண்பர் ஒருவர் செய்து தந்த தாளில் மட்டும் ஒரு பட்டன் உண்டு, அழுத்தினால் தேர்ச்சி அறிக்கை தானாக வரும். அந்த மெக்ரோ இங்கே ஓடவில்லை.

பிரிண்டர்தான் இன்றுவரை தொல்லை. எங்களுடையது சின்ன லேசர், பழையது. முதலில் தெரியவே இல்லை. தயாரித்தவர்கள் தரும் லினக்ஸ் டிரைவரைப் போட்டதும் முதல் பக்கம் அழகாக வந்தது, இரண்டாவது பக்கத்தில் நின்றுவிட்டது. இரண்டு இரவு இதிலேயே போனது. இப்போதைக்கு பீ.டி.எப். ஆக்கி காக்காவின் கணினியில் அடிக்கிறோம். உங்கள் வீட்டில் அடிக்கடி அச்சிடுகிறவர்கள் இருந்தால் வேறெதற்கும் முன் இதைச் சோதியுங்கள். இது ஒன்றே உங்கள் முடிவை மாற்றலாம்.

கடைசியாக வாப்பாவின் பைல்கள். கிளிக் செய்ததும் ஓடியது. வட்டையிலிருந்து போனில் பேசியது, வெள்ளாமை வெட்டின கணக்கு. எத்தனை மூடை, வண்டிக்கு எவ்வளவு, மெசினுக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டு போகிறார், நடுவில் யாரையோ ஏசுகிறார். உம்மா குசினியிலிருந்து வந்து கதவடியில் நின்றார். "கொஞ்சம் சத்தமா வை" என்றார். மூன்றையும் இரண்டு தரம் போட்டோம். இனி எந்தக் கணினியிலும் போனிலும் ஓடட்டும் என்று எம்.பீ.3 ஆகவும் மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

பத்து நாள் இப்படிப் பென் டிரைவிலேயே ஓட்டிய பிறகுதான் நிரந்தரமாகப் போட்டோம். அதற்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை. அதை அப்படியே கழற்றி, நாளைப் பேனையால் எழுதி, பெட்டியில் வைத்துவிட்டு, புதிய 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டி அதில் மின்ட்டைப் போட்டோம். ஏதும் பிசகினால் நான்கு ஸ்குரூவைக் கழற்றிப் பழையதைப் பூட்டினால் விண்டோஸ் விட்ட இடத்திலேயே நிற்கும். செலவு அந்த எஸ்.எஸ்.டி.யும் ரெம்மை 8 ஜிபி ஆக்கியதும்தான். தொடங்குவதற்கே தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிக்கும் நேரம் எடுத்த கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் தயார். இதில் மின்ட்டைவிட எஸ்.எஸ்.டி.க்குத்தான் பங்கு அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10இலேயே இருக்கப் போகிறவர்களும் அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

போடும் வேலையை சுபஹுக்குப் பிறகு தொடங்கினோம். எங்கள் பெட்டரி 20 நிமிடம்தான் தாங்கும், யூ.பீ.எஸ். இல்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாட்டுக்கும் கரண்ட் போனதே, அதை நினைத்தால் எந்த நேரமும் பாதுகாப்பில்லைதான். அல்ஹம்துலில்லாஹ், அன்று குரங்குகள் எங்களை விட்டுவிட்டன.

மின்ட் எழுதிய பென் டிரைவ் எங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் மஃரிபுக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம், இரண்டு நாளில் திருப்பித் தந்தால் போதும். வர முன் உங்கள் பைல்களைக் கொப்பி செய்துவிட்டு வாருங்கள். பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட வைத்தவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், அந்த இரண்டாம் பக்கம் இன்னும் வரவில்லை.