பதினேழாம் எண்ணைத் தேடி

திருச்சித் தெப்பக்குளக் கரையில் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் கண்ணிற்படும்போது எங்களுக்கு வயது மறந்துவிடுகின்றது. கால்களுக்கு மட்டும் மறப்பதில்லை. ஒரு காலத்தில் ஓடி ஏறிய மலைக்கோட்டைப் படிகளை இப்போது கண்களால் மட்டுமே ஏறி இறங்குகின்றோம்.

தூய வளனார் கல்லூரியில் 1962 முதல் 1965 வரை இயற்பியல் பயின்றவர்கள் நாங்கள். முப்பத்தொரு பேரில் எஞ்சியிருப்போர் பதினால்வர். அனைவரும் எண்பதை எட்டியவர்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிக்குக் குடிவந்த அக்கல்லூரியின் வயதோடு ஒப்பிட்டு எங்களை இளைஞர்கள் என்று சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கமான வேடிக்கை.

1965 சனவரியில் மொழிப் போராட்டம் மூண்டு கல்லூரிகள் மூடப்பட்டன. பெட்டி படுக்கையோடு விடுதியை விட்டு வெளியேறிய அன்று, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லாருடைய முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி, ஆளுக்கொரு படி எடுத்துக்கொண்டோம். அத்தாளே இன்றளவும் எங்களைப் பிணைத்து வருகின்றது. பொன்மலை இரயில்வே பட்டறையிலும், பள்ளிகளிலும், வடநாட்டு அலுவலகங்களிலும் சிதறிப்போன எங்களை முதலில் அஞ்சலட்டைகள் இணைத்தன. துயரச் செய்திகளைத் தந்தி கொணர்ந்தது. 2013 சூலையில் தந்தியும் விடைபெற்றது. பின்னர், ஒருவரது பேத்தி எங்களுக்கென வாட்ஸ்அப் குழு ஒன்றை அமைத்துத் தந்தாள். நாள்தோறும் விடியுமுன்னே ரோசாப் பூவும் காலை வணக்கமும் வந்து குவியத் தொடங்கின. எல்லாரும் நலம் என்று நாங்களும் நிறைவாக இருந்தோம்.

இவ்வாண்டு பெப்ருவரியில், அன்னையின் திருவிழாவை ஒட்டி வழக்கம்போல் கூடினோம். திருப்பலி முடிந்து உணவருந்துகையில், பதினேழாம் எண் ஏன் வரவில்லை என்று ஒருவர் வினவினார். "இன்று காலைகூடப் பூ அனுப்பியிருந்தாரே!" என்றார் மற்றவர். "குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று?" என்றார் மூன்றாமவர். எவரிடமும் விடையில்லை. உடனே தொலைபேசியில் அழைத்தோம். எடுத்தவர் அவருடைய துணைவியார். நான்கு திங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் கண்டதென்றும், பேச்சு நின்றுவிட்டதென்றும் கூறினார். "நண்பர்கள் வருந்துவார்களே என்று பேரன்தான் தினமும் படம் அனுப்புகிறான்," என்றார். அப்பிள்ளையைக் குறைசொல்ல எங்களுக்கு நாவெழவில்லை. நான்கு திங்களாக அப்பூக்களுக்கு வணக்கம் தெரிவித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தாமே!

மறுநாட்காலை எங்களுள் மூவர் வாடகைக் கார் அமர்த்திப் புறப்பட்டோம். காவிரியைக் கடந்து, திருவானைக்கோவிலைத் தாண்டிக் கொள்ளிடத்தை அடைந்தோம். 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தில் மாலை வேளைகளில் காற்றுவாங்க நடந்தவர்கள் நாங்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. புதிய பாலத்தின் மேல் கார் விரைந்தது. மூவரும் பழையது நின்ற பக்கமே பார்த்திருந்தோம். நம்பர் ஒன் டோல்கேட்டில் வலப்புறம் திரும்பி, வாழையும் நெல்லுமாய் விரிந்த லால்குடி வயல்களினூடே சென்று, புள்ளம்பாடிச் சாலையில் உள்ள அவர் சிற்றூரை அடைந்தோம்.

ஓட்டு வீட்டுத் திண்ணையில், சாய்வு நாற்காலியில் அவர் இருந்தார். கணக்கு வாத்தியாராக ஊரையே அதட்டியவர். எங்களைக் கண்டதும் வலப்பக்கம் அசையாத முகத்தில் இடப்பக்கம் மட்டும் நடுங்கிற்று. என்ன பேசுவதென்று தெரியாமல் நாங்கள் திகைத்து நின்றோம். "வாங்கண்ணே, உட்காருங்க," என்று அவர் துணைவியார் மோர் கொணர்ந்து கொடுத்தார். நலம் விசாரிப்பதும் பொருந்தவில்லை. ஆறுதல் கூறவும் வாய் வரவில்லை.

அப்போது எங்களுள் ஒருவர், பழைய பேராசிரியரின் குரலில், "நம்பர் பதினைந்து" என்றார். "பிரசன்ட் சார்" என்றார் அருகிலிருந்தவர். "பதினாறு" என்றதற்குத் தாமே விடையும் கூறிக்கொண்டார். "பதினேழு" என்றபோது சற்றுநேரம் அமைதி. பின்னர் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து இடக்கை மெல்ல எழுந்தது. தோள்வரை உயர்ந்து அங்கேயே நின்றது. அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார். கதவருகே நின்றிருந்த பேரன், "தாத்தா கை தூக்குறாங்க!" என்று கூவினான்.

திரும்பும் வழியிலேயே ஓர் ஏற்பாடு முடிவாயிற்று. அத்தாளின் வரிசைப்படி, திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று ஒவ்வொருவரும் அடுத்த எண்ணைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். படம் கணக்கில் சேராது, குரல் கேட்க வேண்டும். மறைந்தவர்களின் எண்ணைத் தாண்டிச் செல்வதில்லை. அவர்தம் வீட்டாருடன் பேசுகின்றோம். ஒருவர் வீட்டில் மகன் எரிச்சலுற்று இணைப்பைத் துண்டித்ததும் உண்டு. அதற்காக அவ்வெண்ணை விட்டுவிடவில்லை.

பதினாறாம் எண் பதினேழை அழைக்கும்போது, அம்மையார் கருவியை அவர் செவியருகே பிடிக்கின்றார். இவர் கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் போகின்றதென்பது முதல் தம் மூட்டுவலி வரை யாவும் சொல்லி முடிக்கின்றார். மறுமுனையில் விரல் நகம் இருமுறை தட்டும் ஓசை கேட்கின்றது. அதன்பின் அம்மையார் பதினெட்டாம் எண்ணைச் சுழற்றுகின்றார்.