சொன்னால் திருத்திவிடலாம்

ஒரு மரச்சிற்பப் பட்டறை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், உளி தவறிய மறுநொடி வேலை பழகும் பையன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். "அண்ணே, இங்க பிசகிடுச்சு" என்று கூப்பிட்டால் அது நல்ல பட்டறை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மரத்தூளையும் பசையையும் தேடினால் அங்கே கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறுக்குப் பட்டறை நடத்துகிறவர்தான் பொறுப்பு.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்த வட்டாரத்தில் உளி பிடிக்கும் எல்லோருக்குமான பெயர்; ஒருவர் மறைத்த விரிசல் எல்லோரையும் பாதிக்கும். ஆகவே, என் பட்டறையில் பிசகைச் சொல்லும் பழக்கத்தையும் தொழிலின் ஒரு பகுதியாகவே கற்றுக்கொடுக்கிறேன்.

சாமி முகத்தில் மூக்கு நுனி சிதறிவிட்டது என்று வையுங்கள். உருவம் பிடிக்கும் கட்டத்திலேயே சொன்னால் நெற்றி, கன்னம், உதடு எல்லாவற்றையும் ஒரு நூல் உள்ளே இறக்கி முகத்தைக் காப்பாற்றிவிடலாம். நுணுக்க வேலை முடிந்த பிறகு சொன்னால் இறக்குவதற்கு மரம் மிஞ்சாது. பூசி அடைத்தாலோ, பாலிஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். நாளாக ஆக அடைப்பு சுருங்கி விளிம்பு விடும்.

ஒரு செயலுக்குப் பின்னால் கிடைப்பதே அந்தச் செயலை வளர்க்கிறது அல்லது ஒடுக்குகிறது என்று காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். உண்மையைச் சொன்னவனுக்குத் திட்டும் கூலிப் பிடித்தமும் கிடைத்தால், பட்டறை முழுக்க மறைக்கக் கற்றுக்கொள்ளும். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் எழுதினார். நன்றாக நடக்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு கூடுதலாக நடந்ததால் அல்ல, பயமில்லாமல் சொல்ல முடிந்ததால் என்று அவர் விளக்கினார். டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறைக் கண்ட தொழிலாளி தானே கயிற்றை இழுத்து உதவிக்கு ஆளை வரவழைக்கலாம். சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். கோளாறு அடுத்த கைக்குப் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நம் பக்கத்தில் இதற்குக் கூடுதல் அக்கறை வேண்டும். பக்கத்திலுள்ள கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அதிகாரம் உள்ளவர் எதிரில் பேசாமல் நிற்கும் வழக்கம் அங்கே மட்டுமில்லை, கீழ்நாட்டுப் பட்டறைகளிலும் ஊறிப்போனது. அந்த மலையிலுள்ள வெள்ளிமலைப் பக்கமிருந்து வேலை பழக வரும் பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் அவனுக்கு விஷயம் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இதுல உனக்கு எந்த இடம் சந்தேகமா இருக்கு, தம்பி?" என்று கேட்டால் விரல் நேராக அந்த இடத்துக்குப் போகும்.

பிசகைச் சொன்னவனின் முகத்தைப் பார்க்காமல் முதலில் மரத்தைப் பார்ப்பது என் வழக்கம். "எப்படிச் சரி பண்ணலாம்?" என்று அவனையே கேட்பேன். யார் குற்றம் என்ற பேச்சு அப்போது எழுவதில்லை.

பட்டறையோ ஆலையோ அலுவலகமோ நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அன்றைக்கே வந்து சொன்ன பிசகுக்குக் கூலியில் கை வைக்காதீர்கள். ஒரு பருவம் கடைப்பிடித்துப் பாருங்கள். சேதக் கணக்கு குறையும்.