கயிறு பிடித்தவர்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற நாள்களில், பார் பார்க்காமல் எவரும் கடலில் இறங்கியதில்லை. பார் என்று நம் முன்னோர் அழைத்தது, முத்துச்சிப்பிகள் படிந்து வளரும் கடலடித் திட்டுகளை. முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றின் முதிர்ச்சியைப் பார்த்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்புக்கு நாள் குறிக்கப்படும். சிப்பி இளசாயிருந்தால் கரையில் எத்தனை பேர் பசித்திருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் அந்தக் குளிப்பே நடைபெறவில்லை.

அந்தப் பழைய வழக்கத்தை நாங்கள் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது, எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு மீனவச் சகோதரரின் பொருட்டு. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவர் அவர். அவருடைய மனைவி தம் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். பரிசோதனைகள் யாவும் பொருந்தி, அறுவைக்கு நாள் நெருங்கிய வேளையில், 2021-இன் இரண்டாம் அலை இருவரையும் பிடித்துக்கொண்டது. இறைவனின் அருளால் இருவரும் பிழைத்தனர். ஆனால் அறுவை மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று.

"நோய்தான் போய்விட்டதே, இனி என்ன தாமதம்?" என்று ஊரில் பலரும் கேட்டனர். பணத்துக்காக இழுக்கிறார்கள் என்றுகூடச் சிலர் பேசினர். காரணம் வேறு. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தன்னுடையதாக ஏற்பதில்லை. அந்நியன் எனக் கண்டு தாக்கும். ஆகவே நோயை எதிர்த்து நிற்கும் காவற்படையையே மருந்துகளால் அடக்கி வைக்கிறார்கள். அறுவையை ஒட்டிய வாரங்களில்தான் இந்த மருந்துகளின் அளவு மிகுதி. நுரையீரலில் தொற்றின் மிச்சம் ஒளிந்திருக்கும்போது காவலைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதே மருத்துவரின் அச்சம். மறுபுறமோ, காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் மூன்று முறை பலர் கூடும் சுத்திகரிப்புக் கூடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அங்கேயே மறுபடியும் தொற்று வரலாம். எவ்வளவு நாள் காத்திருப்பது என்று சொல்ல 2020-இல் எந்த நூலும் இல்லை.

அந்த நூலை எழுதியவர்களில் நம் நாட்டு மருத்துவர்கள் முன்வரிசையில் நின்றது நமக்குப் பெருமை. அகமதாபாத் மருத்துவர் விவேக் குடேயும் நாடெங்கும் உள்ள அவருடைய சக மருத்துவர்களும், கொரோனாவிலிருந்து மீண்ட 75 பேருக்கு நடைபெற்ற மாற்று அறுவைகளை ஆராய்ந்து, 2021-இல் வெளியிட்டனர். 2020 ஜூலை 3 முதல் 2021 ஜனவரி 31 வரை 22 மையங்களில் நடந்த அறுவைகள் அவை. இரு முறை பரிசோதித்துத் தொற்றில்லை எனத் தெரிய வேண்டும். மார்புப் படம் சீராயிருக்க வேண்டும். நோயின் அறிகுறி அறவே நீங்கிக் குறைந்தது 28 நாள் கழிந்திருக்க வேண்டும். அறுவைக்கு முந்திய 14 நாளும் பிறரிடமிருந்து விலகியிருக்க வேண்டும். அறிகுறியே இல்லாமல் தொற்று வந்துபோனவர்கள் நடுவாக 49 நாளும், கடுமையாக நோயுற்றவர்கள் 94 நாளும் காத்திருந்தனர். எழுபத்தைவரும் உயிரோடிருந்தனர், எழுபத்தைந்து சிறுநீரகங்களும் இயங்கின. உடல் புதிய உறுப்பை எதிர்க்கும் நிலை 6.6 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டது. தொற்றிலிருந்து மீண்டவர்கள் தானமளித்த 31 அறுவைகளையும் இதே மருத்துவர்கள் தனியே ஆராய்ந்தார்கள். அந்த 75 பேரையும் அறுவைக்குப் பின் கண்காணித்த காலம் நடுவாக 81 நாள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுளோ ஆண்டுகளால் அளக்கப்படுவது.

எங்கள் சகோதரரிடம் இந்த எண்களைவிட வேறொன்றே எடுபட்டது. முத்துக்குளிப்பவர் இடுப்புக் கயிற்றோடு, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிப்பவர் மைத்துனராயிருப்பது வழக்கம் என்பார்கள். தம் தமக்கை தாலியறுக்க எவனும் கயிற்றை நழுவவிட மாட்டான் அல்லவா? (இந்தச் சகோதரரின் மைத்துனரும் சிறுநீரகம் தர ஆயத்தமாகவே இருந்தார். ஆனால் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கண்ணுக்கு மனைவி நெருங்கிய உறவு, மைத்துனர் அல்லர். அவர் தருவதாயின் தனிக் குழுவின் அனுமதி வேண்டும். கடற்கரையின் உறவுமுறையை அறியாதவர்கள் எழுதிய சட்டம் போலும்! ஆயினும், ஏழைகளிடம் சிறுநீரகம் விலைக்கு வாங்கப்பட்ட அவலத்தைத் தடுக்கப் பிறந்த சட்டம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.) "மேலே இருக்கிறவன் நேரத்துக்குமுன் இழுத்தாலும் தப்பு, பிந்தி இழுத்தாலும் தப்பு" என்றார் சகோதரர். அதற்குப் பின் அவர் நாள் கேட்கவில்லை.

அறுவை அவ்வாண்டின் இறுதியில் மதுரையில் நலமே நடந்தது. அதன்பின் எங்களுக்கு வந்த சோதனை விசித்திரமானது. நோயுற்றவர் வீட்டுக்குப் பழமும் செபமாலையுமாகக் கூட்டமாய்ப் போவதே நம் கரையின் பண்பு. இங்கோ போகாதிருப்பதே அன்பாயிற்று. 2020-இல் பனிமய மாதாவின் பெருவிழாவையே மக்கள் கூட்டமின்றிக் கண்ட ஊர் நாம். எனினும் ஒரு வீட்டின் வாசலில் நின்று திரும்புவது அதைவிடக் கடினமாயிருந்தது. அவர்களுக்கு வேண்டிய அரிசியையும் மீனையும் திண்ணையில் வைத்துவிட்டு, தெருவில் நின்றே ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லித் திரும்பினோம்.

தானமளிக்க உறவினர் இல்லாதோர் இன்னும் பலர். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளுக்காகப் பெயர் பதிந்து காத்திருப்போர் அவர்கள். அத்தகைய கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் தம் சுற்றுமடலில் உறுப்புக்கொடையைப் போற்றியும், உயிர்ப்பு நாளில் உடல் முழுதாய் இருக்க வேண்டுமே என்ற தயக்கம் நம் வீடுகளில் இன்றும் நீங்கவில்லை. நம் பிரசங்க மேடைகள் இதைப் பற்றி இன்னும் உரக்கப் பேசலாம்.

சகோதரர் இப்போது ஆழ்கடலுக்குப் போவதில்லை. கரையிலிருந்து வலை சீர்செய்கிறார். அவரைக் காண்போரெல்லாம் நலம் விசாரிக்கிறார்கள். அருகில் நிற்கும் மனைவியை விசாரிப்பவர் குறைவு. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் அவரும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் கிரியேட்டினின் அளவும் பார்த்துக்கொள்ள வேண்டியவரே. சென்ற ஆண்டு வேலை மிகுதியால் அவர் போகவில்லை. இம்முறை அவரை அழைத்துச் செல்ல எங்கள் அன்பியப் பெண்கள் இருவர் நாள் குறித்திருக்கிறார்கள்.