81-ஆம் நம்பர் குழந்தை

டி.என்.ஏ. டெஸ்ட் என்றாலே நம்மில் பலருக்குக் கொலை கேஸும் சினிமா க்ளைமாக்ஸும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கைக்குழந்தை.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கம் சில மாதக் குழந்தை ஒன்று உயிரோடு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 81-ஆவது ஆள் என்பதால் 'பேபி 81' என்று பெயர். ஒன்பது தாய்மார்கள் உரிமை கொண்டாடுவதாக உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. கடைசியில் பார்த்தால், முறைப்படி கேட்டு வந்தது ஒரே ஒரு தம்பதிதான்! ஆனால் அவர்கள் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. பொறுக்க முடியாமல் வார்டுக்குள் புகுந்து பிள்ளையைத் தூக்கப் போய், போலீஸ் பிடித்ததுதான் மிச்சம். கோர்ட் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிட்டது.

(பயாலஜி க்ளாஸில் தூங்கியவர்களுக்காக ஒரு நிமிடம்.) மனிதர்கள் எல்லோருடைய டி.என்.ஏ.வும் கிட்டத்தட்ட 99.9 சதவீதம் ஒன்றுதான். மிச்சத்தில் சில இடங்களில், நான்கைந்து எழுத்துள்ள ஒரு துண்டு, திக்குவாய்க்காரர் பேசுவதுபோலத் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்துக்கும் நமக்கு இரண்டு எண்கள், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. குழந்தைக்கு 7, 9 என்று இருந்து அம்மாவுக்கு 7, 11 இருந்தால், அந்த 9 அப்பாவிடம் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தற்செயலாகப் பொருந்தலாம். பத்துப் பதினைந்து இடங்களிலும் பொருந்துவதற்குத் தற்செயல் போதாது. 1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த முறையின் வாரிசு இது.

2005 பிப்ரவரி 14 அன்று கோர்ட்டில் முடிவு வந்தது. அவர்கள் பிள்ளையேதான். இரண்டு நாளில் கைக்கு வந்தான்.

சுனாமியிலிருந்து எண்ணினால் 52 நாள். பெற்றவள் சொன்னால் போதாதா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் யாருக்கும், பொய்யே இல்லாமல், அது தன் குழந்தை மாதிரியே தெரிந்திருக்கும். கோர்ட் செய்தது சரி என்றுதான் இப்போது படுகிறது.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. அந்தத் தம்பதியும் அலையோடு போயிருந்தால், குழந்தையின் எண்கள் எல்லாம் கையில் இருந்தும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாத்தாவோ சித்தியோ எங்கிருந்தாவது தேடி வரும்வரை அவன் வெறும் 81-ஆகவே இருந்திருப்பான்.