உச்சியில் ஒரு ஐஸ்கிரீம்

ஃபெடரிகோ பஹமோன்டெஸ் 2023 ஆகஸ்டில், தமது 95வது வயதில் இறந்துபோனார். வங்கியில் மதிய இடைவேளையில், ஆங்கிலத் தினசரியின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் அந்தச் செய்தியைப் படித்தேன். ஸ்பெயின் தேசத்துச் சைக்கிள் பந்தய வீரர். மலையேற்றத்தில் அவருக்கு இணையாக ஓரிருவரைத்தான் சொல்ல முடியும். 'டொலேடோவின் கழுகு' என்பது பட்டப்பெயர். செய்தி பத்து வரிதான். அதற்குள்ளும் அந்த ஐஸ்கிரீம் இடம் பிடித்திருந்தது.

1954ல் அவர் முதன்முறையாக 'டூர் த பிரான்ஸ்' பந்தயத்தில் கலந்துகொண்டார். ரோமேயேர் கணவாயில் எல்லோரையும் பின்தள்ளிவிட்டு முதலில் உச்சியை அடைந்தவர், சைக்கிளை விட்டு இறங்கி, ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டு நின்றார். இதற்கு ஒரு விளக்கம் திமிர். இன்னொரு விளக்கம் பயம்: இளம் வயதில் ஒரு பந்தயத்தில் இறக்கத்தில் விழுந்து கள்ளிப் புதரில் சிக்கினாராம்; அதிலிருந்து தனியாக இறங்க அச்சம், ஆகவே துணைக்குக் காத்திருந்தார் என்பார்கள். அவரே சொன்னது வேறு. கல் தெறித்துச் சக்கரக் கம்பிகள் உடைந்துவிட்டன. பழுது பார்ப்பவனின் வண்டி வந்து சேரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை.

எனக்கு முதலில் பிடித்தது இரண்டாவது விளக்கம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேதைமைக்குள் ஒரு காயத்தை ஒளித்து வைப்பது விமர்சகனுக்குச் சௌகரியமான காரியம். நம் பத்திரிகைகளில் நாம் செய்துவருவதும் இதுதானே. ஒரு கவிஞன் நான்கு வருஷம் எழுதாவிட்டால் அதை மௌனம் என்கிறோம். அவனுக்கு வேலை மாற்றலாகியிருக்கலாம், மகளுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. நானே அப்படி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட நண்பர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதையும் மௌனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பஹமோன்டெஸ் வெகுகாலம் மலைகளை மட்டுமே தம்முடையதாக நினைத்தவர். உச்சிகளை முதலில் கடப்பதற்குத் தனிப் புள்ளிகள் உண்டு. அந்தப் பட்டம் கிடைத்தால் போதும், மொத்தப் பந்தயத்தை யார் ஜெயித்தால் என்ன என்ற போக்கு. நீயும் முழுப் பந்தயத்தை ஜெயிக்கலாம் என்று அவரை நம்பவைத்தவர் இத்தாலியரான ஃபாஸ்டோ கோப்பி. 1959ல் அது நடந்தது. புய் த டோம் எரிமலைச் சரிவில் தனியாக நேரத்தோடு போட்டியிட்டு ஏறினார், மற்றவர்கள் சிதறிப்போனார்கள். பாரிஸை அடைந்தபோது இரண்டாவதாக வந்த ஆங்கிலாதைவிட 4 நிமிஷம் 1 விநாடி முன்னால் இருந்தார். பிரெஞ்சு நட்சத்திரங்களான அன்கெட்டிலும் ரிவியேரும், தங்கள் நாட்டவனே ஆனாலும் ஆங்கிலாத் ஜெயிப்பதை விரும்பாததால் பஹமோன்டெஸைத் துரத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். (நம் இலக்கிய உலகத்துக்கு இது புதிதல்ல.) டூரில் ஜெயித்த முதல் ஸ்பானியர் அவர். மலை வீரர் பட்டம் ஆறு முறை. 1965ல் மலைப்பாதை ஒன்றிலேயே பந்தயத்தை விட்டு விலகினார். பிறகு டொலேடோவில் சைக்கிள் கடை.

இவ்வளவும் பிறகு தேடிப் படித்தவை. படித்ததில் என்னை நிறுத்தியது வேறொன்று. உள்நாட்டுப் போர் முடிந்த தட்டுப்பாட்டுக் காலத்தில், பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கள்ளச்சந்தைச் சரக்கு சுமந்து வயிறு வளர்த்த பையன் அவர். கால்களில் பலம் வந்தது அப்படித்தான்.

என் தகப்பனாரும் சுமந்தவர். திருத்தங்கலைச் சுற்றியுள்ள கிராமங்களில், வீடுகளில் ஒட்டிக் காயவைத்த அடிப்பெட்டி, மேல்பெட்டிகளைச் சாக்கில் கட்டிக் கேரியரில் ஏற்றித் தீப்பெட்டி ஆபீசில் சேர்ப்பது தொழில். காலிப் பெட்டிக்கு எடை கிடையாது. ஆனால் ஆள் உயரச் சாக்கு. ஆடிக் காற்றில் அது பாய்மரம். கரிசல் காட்டில் மேற்கே பார்த்தால் மலை நீலமாகத் தெரியும், அவ்வளவுதான். எங்களுக்கு ஏற்றம் என்றால் ரயில் பாலம். மற்றவர்கள் இறங்கித் தள்ளுகிற அந்த ஏற்றத்தை அவர் சீட்டில் உட்காராமல் நின்று மிதித்தே கடப்பார். உச்சியில் இறங்கிவிடுவார். மறுபக்கம் முழுவதும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்குவார்.

பள்ளிக்கூடப் பையன்கள் கையை விட்டுவிட்டுப் பறந்து இறங்குகிற பாலம் அது. "உங்கப்பாவுக்குப் பயம்டா" என்றான் ஒருவன். நானும் அப்படியே நம்பினேன். ஒருநாள் அவர் நடந்து வருவதைப் பார்த்து, தெரியாதவன் மாதிரிப் பாலத்தின் அடுத்த ஓரத்துக்குப் போனேன். அவர் பார்த்தார். கூப்பிடவில்லை.

இருபத்தைந்து வருஷமாக நான் கேட்காததை, அந்தச் செய்தி வந்த வாரம் விருதுநகர் வீட்டில் கேட்டேன். முதலில் அவருக்கு எந்தப் பாலம் என்று பிடிபடவில்லை. பிறகு சிரித்தார்.

"மேல பதநீக்காரன் நிப்பான்ல? ஒரு பட்டை குடிக்காம எப்படிப் போறது?"

"சரிப்பா, குடிச்ச பிறகு ஏன் நடந்தீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "பதநீயாவது ஒண்ணாவது. பிரேக் கட்டை தேஞ்சு கெடந்துச்சு. மாத்துங்கன்னா, அந்தக் காசுக்கு உனக்கு நோட்டு வாங்கணும்னுட்டாரு."

அப்பா காதில் விழாதவர்போல விசிறியைத் தேடிக்கொண்டிருந்தார்.